கூல்பார் போர்டுக்குக் குண்டு எழுத்துப் போடலாமோ?

பரந்தன் சந்திக்குக் கிட்ட கூல்பார் துறக்கப்போற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, குண்டா உருண்டையா சின்னப்பிள்ளையளுக்குப் பிடிக்கிற மாதிரி தமிழ் பொன்ட் ஒண்டு காசில்லாம எடுக்கலாமோ, அதையே முழுப் போர்டுக்கும் போடலாமோ எண்டு.

எடுக்கலாம். கூகிள் பொன்ட்ஸில பலூ தம்பி 2 எண்டு தேடுங்கோ. மும்பையில இருக்கிற ஏக் டைப் ஆக்கள் செய்தது, திறந்த உரிமத்தில விட்டிருக்கினம், அதால கடைக்குப் பாவிக்க ஒருத்தருக்கும் காசு குடுக்கத் தேவையில்லை, பொன்டைத் தனிய விக்கிறதுதான் கூடாது. 400 இல இருந்து 800 மட்டும் ஐஞ்சு தடிப்பு இருக்குது.

ஆனா முழுப் போர்டுக்கும் வேண்டாம், தங்கச்சி. கடைப் பேருக்கு மட்டும் ஆகத் தடிச்ச 800 ஐப் போடுங்கோ. "ஐஸ்கிறீம்" எண்டு அதில ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, பெரிசா இருக்கேக்க நல்ல வடிவு, ஆனா ஐயிலயும் ஸ்ஸிலயும் சுழிக்குள்ள இருக்கிற வெளி முதலே சின்னன், அதை விலைப்பட்டியல் அளவுக்குச் சுருக்கினா அடைபட்டு பணியாரம் மாதிரி ஆகிடும், ஏ9 இல பஸ்ஸில போறவைக்கு என்ன எழுத்தெண்டே பிடிபடாது. விலை, போன் நம்பருக்கு முக்தா மலர் எண்ட பொன்டைப் போடுங்கோ, அதுவும் அதே ஆக்கள் செய்ததுதான், பக்கத்தில வைக்க ஒத்துப்போகும். பேர் ரெண்டு வரியில வந்தா இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கோ, இல்லாட்டி கீழ் வரியில இருக்கிற குற்று மேல் வரியின்ர "கு", "ரு" வாலில போய் முட்டும்.

இஞ்ச கனபேர் மாட்டுப்படுறது பாமினி எண்ட பழைய தமிழ் பொன்டிலதான். பாமினியில அடிச்சதை அப்பிடியே பலூவுக்கு மாத்தினா வெறும் இங்கிலீஸ் எழுத்துத்தான் வரும், ஏனெண்டா பாமினி யூனிகோட் (இப்ப போன், கொம்பியூட்டர் எல்லாத்திலயும் பொதுவா இருக்கிற எழுத்து முறை) இல்லை. முதல் கன்வேட்டரில யூனிகோட்டுக்கு மாத்துங்கோ, இல்லாட்டி போனில அடிச்சு அனுப்புங்கோ. பழைய போட்டோசொப் எண்டா கொம்பு இடம்மாறி நிக்கும், அதுக்கு செட்டிங்கில தெற்காசிய எழுத்துக்கான தெரிவைப் போடவேணும்.

சிங்களமும் போடுவீங்கள்தானே, பலூவில சிங்களம் இல்லை. கொம்பியூட்டர் தானா எதையாவது மெல்லிசா கொண்டுவந்து வைக்கும், பார்க்கச் சகிக்காது. நோட்டோ சான்ஸ் சிங்களம் எண்ட பொன்டை நல்ல தடிப்பில போட்டா ஓரளவுக்குச் சரிவரும், உருண்டை இல்லாட்டியும் பாரம் ஒத்துவரும்.

பிறின்ட்காரருக்குக் குடுக்கேக்க எழுத்தைக் கேர்வ் ஆக்கி (அதாவது பொன்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தி) பீடிஎப் ஆக் குடுங்கோ, அவையிட்ட அந்த பொன்ட் இல்லாட்டி வேற எழுத்து வந்து விழும். கேர்வ் ஆக்க முதல் ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ, பிறகு போன் நம்பர் மாத்தோணும் எண்டா கேர்வ் ஆக்கினதில அடிச்சு மாத்தேலாது.