காகிதமில்லாச் சமூகம்: ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை எடைபோடுவது எப்படி? (கேள்வி பதில்)

இணையக் கலைக்களஞ்சியங்களில் ‘காகிதமில்லாச் சமூகம்’ பற்றி எழுதப்படும் கட்டுரைகளின் தரத்தை மதிப்பிடுவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகக் கட்டுரைகளைத் தொகுத்து வருபவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: கல்லூரிப் பணிக்காக இத்தகைய கட்டுரை ஒன்றை மதிப்பிட வேண்டும். எங்கே தொடங்குவது?

வரையறையில் தொடங்குங்கள். காகிதமில்லா அலுவலகமும் காகிதமில்லாச் சமூகமும் ஒன்றல்ல. 1975இல் பிசினஸ்வீக் இதழ் எதிர்கால அலுவலகம் பற்றி வெளியிட்ட கட்டுரையில் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் பேக் சொன்னது, தம் மேசைமேல் வரப்போகும் திரையையும் விசைப்பலகையையும் பற்றியது. 1978இல் நூலக அறிவியலாளர் எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் தம் நூலில் எழுதியதோ, ஆய்வறிக்கைகளை எழுதுவது, வெளியிடுவது, சேமிப்பது, படிப்பது அனைத்தும் மின்னணு வழியில் நடக்கும் ஓர் அறிவுலகத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் முதல் பத்தியிலேயே குழப்பும் கட்டுரைக்கு, அதன் பிற பகுதிகள் எவ்வளவு சீராக இருந்தாலும், நான் உயர்ந்த தரம் தரமாட்டேன்.

கேள்வி: லங்காஸ்டரின் 1978 கணிப்பு மட்டுமே கட்டுரையில் உள்ளது. அது குறையா?

ஆம், பெருங்குறை. 1999இல் அவரே தம் கணிப்பை மறுபரிசீலனை செய்து ஓர் இதழில் எழுதினார். முந்தையதை மட்டும் சொல்லி நிறுத்துவது, ஒருவருடைய கருத்தில் பாதியை மறைப்பதாகும்.

கேள்வி: ‘துபாய் உலகின் முதல் காகிதமில்லா அரசு’ என்ற வாக்கியத்துக்கு ஆறு மேற்கோள்கள் (சான்றுக் குறிப்புகள்) இருக்கின்றன. ஏற்கலாமா?

ஆறையும் திறந்து பாருங்கள். 2021 டிசம்பரில் துபாய் அரசு தன் நிர்வாகம் நூறு விழுக்காடு காகிதமற்றதாகிவிட்டதாக அறிவித்தது, 33.6 கோடிக்கும் மேற்பட்ட தாள்களும் சுமார் 130 கோடி திர்காமும் மிச்சமானதாகவும் அது கூறியது. அந்த அறிவிப்பையே ஆறு நாளிதழ்கள் மறுபதிப்புச் செய்திருந்தால், உங்களிடம் இருப்பது ஆறு சான்றுகளல்ல, ஒன்றுதான். அதுவும், கணக்கிட்டவரும் பாராட்டிக்கொண்டவரும் ஒருவரே. வாக்கியத்தை நீக்கத் தேவையில்லை. ‘என்று துபாய் அரசு 2021 டிசம்பரில் அறிவித்தது’ எனத் திருத்தினால் போதும். அந்த ஐந்தாறு சொற்களால், உண்மையாக நிறுவப்பட்டதுபோல் நின்ற ஒன்று, யாரோ சொன்னதாகத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மேலும், அரசின் அலுவல் நடைமுறையே சமூகம் ஆகிவிடாது என்பதையும் கட்டுரை சொல்ல வேண்டும்.

எஸ்தோனியா பற்றிய பத்தியையும் இதே கண்ணோடு படியுங்கள். 2005இல் தொடங்கிய இணையவழி வாக்களிப்பைப் பல கட்டுரைகள் வியந்து எழுதுகின்றன. 2017இல், அவ்வாக்களிப்புக்குப் பயன்படும் அடையாள அட்டைகளின் பாதுகாப்பில் ஓட்டை கண்டறியப்பட்டு, ஏறத்தாழ 7.6 லட்சம் அட்டைகளின் மின்சான்றிதழ்கள் நிறுத்திவைக்கப்பட்டதை விட்டுவிட்டால் நடுநிலை எங்கே?

கேள்வி: எத்தனை மேற்கோள்கள் இருந்தால் கட்டுரை தரமானது?

எண்ணிக்கை அளவுகோலன்று.

கேள்வி: ‘மின்னஞ்சல் வந்தபின் காகிதப் பயன்பாடு 40 விழுக்காடு கூடுகிறது’ என்பதற்கு ‘சான்று தேவை’ என வார்ப்புரு (எச்சரிக்கைக் குறிப்பு) இட்டுள்ளனர். நீக்கிவிடலாமா?

நீக்க வேண்டாம். அபிகெயில் செல்லனும் ரிச்சர்ட் ஹார்ப்பரும் காகிதமில்லா அலுவலகம் என்னும் தொன்மத்தைப் பற்றி எழுதிய நூலில் அவ்வெண் உள்ளது. மின்னஞ்சலைப் புகுத்திய நிறுவனங்களின் சராசரி அது. பிழை ‘கூடுகிறது’ என்ற நிகழ்காலத்தில் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த நூலின் எண்ணை ஆண்டு குறிப்பிடாமல் எழுதினால், இன்றைய நிலை அதுவே என வாசகர் நம்புவார். (இவ்வாக்கியம் உள்ள கலைக்களஞ்சியக் கட்டுரையை நான் தாளில் அச்சிட்டு, ஓரங்களில் சிவப்பு மையால் குறித்துத்தான் மதிப்பிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கங்களை அருகருகே பரப்பிவைத்துக் கிறுக்கும் வசதிக்காகவே மக்கள் தாளை விடுவதில்லை என்பது அந்நூலின் வாதங்களுள் ஒன்று.)

கேள்வி: இந்தியா பற்றி ஒரு பகுதி சேர்க்க விரும்புகிறேன். எதை எழுதலாம்?

2015இல் வந்த, இந்திய அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கர், 2021 ஆகஸ்ட் 13 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா நிதிநிலை அறிக்கை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். இவை எளிதில் கிடைக்கும் செய்திகள். காகிதமின்மையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள். மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்த 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே தன் முதல் அட்டவணையில் உயிலை விலக்கிவைத்திருக்கிறது. வங்கிக் கணக்கு முழுவதையும் கைபேசியில் நடத்துகிறவரும், அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கத் தாளில் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளையும் கையொப்பமிடச் செய்தாக வேண்டும்.