நான்கு சுவரும் ஓவியம் வேண்டாம்

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 26 பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கிறார்கள். வகுப்பறையை அழகாக்க முன்னாள் மாணவர்கள் 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். நான்கு சுவரிலும் கார்ட்டூன், விலங்குகள், வாய்ப்பாடு எல்லாம் வரைந்துவிடலாம் என்கிறார் எங்கள் ஹெச்.எம். இது படிப்புக்கு உதவுமா?

பதில்: அன்புச் சகோதரி, நான்கு சுவரையும் நிரப்பிவிடாதீர்கள். உதவுவதைவிடப் பிள்ளைகளின் கவனத்தைக் கலைப்பதே அதிகமாக இருக்கும்.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014-ல் வெளிவந்தது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, படங்கள் நிறைந்த அறையில் சில பாடங்களும் வெறும் சுவர் அறையில் சில பாடங்களும் நடத்திப் பார்த்தார்கள். வெறும் சுவர் அறையில் படித்ததில் 55 சதவீதம் சரியான விடை வந்தது. படங்கள் நிறைந்த அறையில் 42 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் பாடம் நடக்கும்போது சுவரில் இருக்கும் யானையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். அதற்காகச் சுவரை மொட்டையாக விடவும் வேண்டாம். இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டபோது, நெரிசலும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் இருந்த அறைகளே நல்லவை என்றார்கள். நல்ல வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றுக்கும் படிப்பில் பெரிய பங்கு இருப்பதை அதே ஆய்வு காட்டியது.

நானாக இருந்தால் அந்தப் பணத்தில் முதலில் கீழ்மட்டக் கரும்பலகை போடுவேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலில் (பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் முறை) எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தரையில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில், சுவரை ஒட்டி, ஆளுக்கொரு கட்டம். உங்களுடையதுபோல மூன்று வகுப்பும் சேர்ந்திருக்கும் அறைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரும்பு நிலையில் (ஒன்றாம் வகுப்பு அளவில்) இருப்பவள் 'ழ'வை எங்கிருந்து தொடங்குகிறாள், மலர் நிலையில் (மூன்றாம் வகுப்பு அளவில்) இருப்பவன் கடன் வாங்கிக் கழிப்பதில் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதெல்லாம் நின்ற இடத்திலிருந்தே தெரியும். நோட்டை வாங்கித் திருத்தும் வரை காத்திருக்க வேண்டாம். தப்பாக எழுதினால் பிள்ளையே கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதும். பயமே இருக்காது. உங்கள் அறையில் ஏற்கெனவே அது இருந்து, முன்னால் பீரோவும் பழைய மூட்டைகளும் அடைத்திருந்தால், முதல் வேலை அவற்றை நகர்த்துவதுதான்.

அப்புறம் வெளிச்சம். பெரிய கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால் கண் கூசி எழுத்து தெரியாது. கடைசி வரிசைப் பிள்ளையின் இடத்தில் நீங்களே தரையில் உட்கார்ந்து, காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பாருங்கள். சுவருக்குப் பளபளக்காத வெளிர் நிறம் போதும். ஃபேன் ஓடாமல் இருந்தால், ஓவியருக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றி 2025-ல் நிறையப் பேசினார்கள். கதை சொல்லவும் உரையாடவும் அது அருமையான முறை. ஆனால் பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில் ஓரத்தில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டிவரும். உங்கள் பிள்ளைகள் பாயில் உட்காருபவர்கள் என்றால் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது சுலபம்.

சரி, ஹெச்.எம்.மிடம் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று மறுக்காமல், பலகைக்கு எதிர்ச் சுவரை ஓவியத்துக்குக் கேளுங்கள். பாடம் நடக்கும்போது அது பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கும். வெளிச்சுவரும் வராந்தாவும் முழுக்க ஓவியருக்கே. உள்ளே பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட, குறுக்கே நான்கு கம்பி கட்டினால் போதும். அவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பணம் கொடுத்தவர்களையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, கீழ்மட்டக் கரும்பலகையில் பிள்ளைகளை எழுதச் சொல்லிக் காட்டுங்கள்.