காக்காவையும் எழுது தம்பி

அன்புள்ள அக்கா,
ரெண்டு வருஷமா எங்க புறவாசல்ல வர்ற பறவைகளை நோட்டுல எழுதிட்டு வர்றேன். அம்மாவுக்கு இப்ப பார்வை சரியில்ல, சத்தத்தை வச்சே சொல்வாங்க. 2024ல 41 வகை, 2025ல 36தான். தோட்டம் கெட்டுப்போச்சா? மேல பறந்து போற பருந்தை சேக்கலாமா? காக்கா, மைனா தினம் வர்றதால ஒரு தடவ எழுதினதோட விட்டுட்டேன்.
— செங்கோட்டை வாசகர்

அன்புள்ள தம்பி,

பருந்தை சேத்துக்கோ, பக்கத்துல 'மேல பறந்துச்சு'ன்னு போட்டா போதும். 41, 36 கணக்கை விடு, எத்தனை நாள் உக்காந்து பாத்தேன்னே நீ எழுதல, பாத்த நாள் குறைஞ்சா வகையும் குறையத்தான் செய்யும்.

ஆனா காக்காவை ஒரு தடவ எழுதினதோட விட்டுட்டேன்னியே, அதுக்கு எனக்கு நெஜமாவே கோவம். எங்க ஆச்சி வீட்டுப் புறவாசலுக்கு ஐப்பசி பொறந்தா ஆறுமணிக்குருவி வந்துரும். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியான்னு அங்கெல்லாம் குஞ்சு பொரிச்சிட்டு குளிர்காலத்துக்கு நம்ம பக்கம் வர்ற குருவி அது. பச்சை முதுகு, குட்டை வால், வாலுக்கு அடியில குங்குமச் சிவப்பு, பலாமரத்தடி சருகை அலகால புரட்டிப் புரட்டிப் போட்டுட்டு தத்தித் தத்திப் போகும். சாயங்காலம் அது விசிலடிச்சதும் ஆச்சி விளக்கேத்துவா. இப்ப வர்றதில்ல. எந்த வருஷம் நின்னுச்சு? பலாவை வெட்டினதுக்கு அப்புறமா, சிமெண்ட் தளம் போட்டதுக்கு அப்புறமா? மாமா ஒண்ணு சொல்றார், அம்மா ஒண்ணு சொல்றா. பால் கணக்கை ஒருநாள் விடாம காலண்டர்ல எழுதின வீடு தம்பி அது, இதை மட்டும் யாரும் எழுதல, அதான் வருஷா வருஷம் வருதேன்னு விட்டுட்டோம்.

அதனாலதான் சொல்றேன், தினம் வர்றதைத்தான் மொதல்ல எழுதணும். காலைல 15 நிமிஷம் உக்காரு, நேரத்தைக் குறி, கண்டது எல்லாத்தையும் எண்ணிக்கையோட எழுது, தவிட்டுக்குருவி ஏழா ஒம்பதான்னு எண்ணு. பாத்தும் மைனா வரலன்னா 'வரல'ன்னு எழுது, பாக்காத நாளை வெறுமனே விடு, ரெண்டும் ஒண்ணாகிடாது. 2015லருந்து நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புலயும் இதேதான் கேக்குறாங்க, 15 நிமிஷம், அடையாளம் தெரிஞ்ச அத்தனையும், காக்கா உட்பட.

அம்மா சத்தம் வச்சு சொல்றதை 'கேட்டது'ன்னு எழுது, அதுவும் பதிவுதான், அந்தக் காதை விட்டுடாத. செங்கோட்டைல உங்க வீட்டுப் பக்கம் இன்னும் ஆறுமணிக்குருவி கத்துதா? கடிதத்துல அதை நீ சொல்லவே இல்ல. அம்மாகிட்ட கேட்டு, தேதியோட எழுது.