ஆறு மணிக்கு ஒரு ஓடிபி

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வயது 44. அப்பா ரிட்டயர் ஆனபோது வாங்கிய ஹாலிடே கிளப் கார்டு இப்போது அம்மா பேரில் இருக்கிறது. எனக்கும் தனியாக ஒரு கார்டு உண்டு. இரண்டிலும் வருஷத்துக்கு 7 நாள் தங்கலாம். குற்றாலம் சீசனில் எங்கள் கிளப்பில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. செக்-இன் தேதிக்கு 120 நாள் முன்னால் காலை 6 மணிக்கு புக்கிங் திறக்கும். ஒரே புக்கிங்கில் 7 இரவு வரை போடலாம், தேதி மாற்றக் கட்டணம் இல்லை. எனக்கு வேண்டியது ஜூலை 17 வெள்ளி முதல் 3 இரவு. அம்மா கார்டில் ஜூன் 28-லிருந்தே 7 இரவு போட்டு, தினமும் முன்னால் ஒரு நாளை எடுத்து, பின்னால் ஒரு நாளைச் சேர்த்து நகர்த்தி, 17-ஐப் பிடித்துவிட்டேன். என் கார்டில் ஜூலை 3 வெள்ளி முதல் 3 இரவு. எந்த வாரம் அருவியில் தண்ணீர் நன்றாக விழுமென்று தெரிகிறதோ அந்த வாரம் போவோம். மற்றதை 10 நாள் முன்னால் ரத்து செய்தால் நாள் கழியாது. ஆலங்குளம் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம்தான், நாங்கள் நாலு பேரும் காரில் போய்விடுவோம். அம்மா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார்கள், 72 வயது. மெயின்டனன்ஸ் கட்டணத்தை அவர்களே பென்ஷனில் கட்டிவிடுவார்கள். ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் வரும். ஆறு மணிக்குக் கூப்பிட்டால் சொல்லிவிடுவார்கள், பாவம். தூத்துக்குடியில் இருக்கும் அக்கா ஒருமுறை கேட்டாள், அப்போது ரூம் ஃபுல். உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் சிலர் நான் செய்வதை மோசடி என்கிறார்கள். விதியில் தடை எதுவும் இல்லை. இது நியாயம்தானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஜூன் 28-க்கு 120 நாள் முன்னால் என்றால் பிப்ரவரி 28. ஜூலை 17-க்கு மார்ச் 19. நாளுக்கு ஒரு தேதியாக நகர்த்தியிருக்கிறீர்கள். ஆக, 20 விடியற்காலை. ஒவ்வொன்றுக்கும் ஓடிபி வந்திருந்தால், 72 வயது அம்மாவை 20 நாள் தொடர்ந்து ஆறு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? வாசல் தெளித்துக்கொண்டிருக்கலாம், அடுப்பில் பால் இருந்திருக்கலாம். போன் அடிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மெசேஜைத் திறந்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். எண் காலாவதியாவதற்குள் சொல்லியாக வேண்டும். நீங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு போனை வைத்திருப்பீர்கள், ஏனென்றால் ஆறு மணி புக்கிங்கில் ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு உண்டு. இந்த 20 நாளில் ஒருநாளாவது "அம்மா, நீயும் வாயேன்" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. "நாங்கள் நாலு பேரும்" என்றுதான் இருக்கிறது. கார்டு அவருடையது, பணம் அவருடைய பென்ஷன், போன் அவருடையது. போகிற நாலு பேரில் அவர் இல்லை.

"பாவம்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் அடுத்த வரியில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டீர்கள்.

ஆலங்குளம் ரோட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். குற்றாலத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி. நேரம் கொஞ்சம் கூட ஆகும். அந்த வழியில் போனால் அம்மா இருக்கும் ஊரைக் கடந்துதான் போக வேண்டும். வயதான தாயை ஓடிபி வரும் போனாக வைத்துக்கொண்டு பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போவது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் பிள்ளைகளும் தங்கள் ஆச்சியைப் பற்றி இதையே கற்றுக்கொள்வார்கள்.

இனி விதி. நீங்கள் செய்ததற்குப் பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில், சொந்த ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்னால் 7 இரவு வரை போடலாம். அங்கே உறுப்பினர்கள் இந்தத் தந்திரத்தை "வாக்கிங்" என்பார்கள், அதாவது புக்கிங்கை நடத்திக் கூட்டிப்போவது. அங்கும் இதே சண்டைதான்.

வேலை செய்யும் விதம் இது. ஜூலை 17-இல் வந்து இறங்க நினைக்கிறவர் மார்ச் 19 காலை ஆறு மணிக்குத்தான் உள்ளே நுழைய முடியும். ஆனால் மார்ச் 13 அன்று ஜூலை 11 முதல் 7 இரவு வைத்திருப்பவர் கையில் 17-ஆம் தேதி இரவு ஏற்கனவே வந்துவிடுகிறது. ஆறு நாள் முன்னதாக! இப்படிப் பத்துப் பேர் நடத்திக் கூட்டிவந்தால், விதிப்படி அலாரம் வைத்து எழுந்தவருக்கு முதல் நிமிஷத்திலேயே "அறை இல்லை" என்றுதான் வரும். அவர் செய்த தப்பு, விதியை எழுதியபடியே நம்பியது. நீங்கள் ஜூன் 28-க்கே போய் நின்றதற்குக் காரணமும் இதுதான். மற்றவர்களும் நடத்துவார்கள் என்று பயந்து இன்னும் முன்னால் போனீர்கள். அடுத்த வருஷம் ஒருவர் ஜூன் 15-இலிருந்து தொடங்குவார்.

ஆறு மணிக்கு எழுந்து தன் தேதிக்குத் தானே முதல் ஆளாகப் போடுவதில் ஒரு தப்பும் இல்லை, அந்தக் கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கிறது. தேவையில்லாத நாட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் நடப்பதுதான் தப்பு. இரண்டு வாரத்தைப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்த்து ஒன்றை விடுவது அதைவிடப் பெரிய தப்பு. "விட்டுவிடுகிறேனே" என்பீர்கள். எப்போது? 10 நாள் முன்னால். சென்னையில் இருக்கும் உறுப்பினருக்கு அந்த ரூம் எதற்கு? சென்னையிலிருந்து தென்காசி வரும் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு ரயில்வே முன்பதிவு திறப்பது 60 நாள் முன்னால். சீசன் வெள்ளிக்கிழமை டிக்கெட்டுக்கு 10 நாள் இருக்கும்போது அவருக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட்தான். நீங்கள் விட்ட ரூம் அவருக்குப் போய்ச் சேராது.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. கார் பருவ நெல் சாகுபடியில், ஆற்றில் மேலே இருப்பவன் தேவைக்கு மேல் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டாமென்றதும் வடிகாலில் விட்டால், கீழே ஸ்ரீவைகுண்டத்தில் நாற்று அதற்குள் காய்ந்திருக்கும். தண்ணீர் வந்ததா என்று கேட்டால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குற்றாலத்துச் சாரலும் கார் சாகுபடிக்கு வரும் தண்ணீரும் ஒரே தென்மேற்குப் பருவமழை. அதில் ஒன்றுக்கு முறை வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் கார்டில் இருக்கும் ஜூலை 3 புக்கிங்கை இன்றைக்கே ரத்து செய்யுங்கள், பத்தாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அம்மா கார்டில் உங்களுக்கு வேண்டிய 3 இரவைத் தாண்டிய இரவுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் விடுங்கள். நடத்திவந்தவர்கள் பலர் கடைசியில் வெட்டுவதற்கு மறந்துவிடுவார்கள், 7 இரவும் அப்படியே கிடக்கும், நாளும் கழியும்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை குற்றாலத்தில் நிற்கவே இடம் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். மெயின் அருவியில் வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் தலையை நனைத்துவிட்டு வர வேண்டும். ஒரு 72 வயது அம்மாவுக்கு அது குளியலே இல்லை. ஆகவே 17-ஐ விட்டுவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை 3 இரவுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மூன்று நாலு நாள் லீவு போட வேண்டியிருக்கும், போடட்டும். அதே நாட்களுக்கு உங்கள் கார்டிலும் ஒரு ரூம் கேளுங்கள், இல்லையென்றால் வெயிட் லிஸ்டில் பேரைப் போடுங்கள். ஒன்றில் அம்மாவும் அக்காவும், மற்றதில் நீங்கள் நாலு பேர். ஒரு ரூம்தான் கிடைத்து, அம்மாவையும் சேர்த்து அதில் ஐந்து பேர் என்றால் பெரியவர் எண்ணிக்கை கூடும். எக்ஸ்ட்ரா பெட் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று புக்கிங் நேரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் சீசனில் கைவிரிப்பார்கள். தரைத்தள ரூம் வேண்டும் என்று புக்கிங்கில் குறிப்பு எழுதினால் மட்டும் போதாது. இரண்டு நாள் முன்னால் ரிசப்ஷனுக்குப் போன் செய்து, வயதானவர் வருகிறார், படி ஏற முடியாது என்று சொல்லி வையுங்கள்.

அம்மா கார்டில் 3 போக 4 நாள் மீதி இருக்கும். அதை அக்காவுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியது அம்மா. அப்பா வாங்கியதில் அக்காவுக்கும் பங்கு உண்டு, "அப்போது ஃபுல்" என்று ஒரு தம்பி சொல்லக்கூடாது. கார்டு அம்மா பேருக்கு முறையாக மாறியிருக்கிறதா, நாமினியாக யார் பேர் இருக்கிறது என்பதையும் அக்காவை வைத்துக்கொண்டே பாருங்கள்.

கூட்டிப்போனால் மெயின் அருவிக்குக் காலை வெளிச்சம் வந்ததும் போய்விடுங்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு, உங்கள் மனைவியோ அக்காவோ கூடவே நிற்க வேண்டும். அருவியின் நடுவில் தண்ணீர் விழும் இடத்தில் தலையைக் கொடுக்க விடாதீர்கள், ஓரச் சாரலே போதும். எண்ணெய் தேய்த்துவிட்டு ஈரப்பாறையில் நடப்பது வயதானவர்களுக்கு ஆபத்து, எண்ணெயை ரூமிலேயே தேய்த்துக் குளித்து முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கூட்டமும் வேகமும் அதிகமாக இருந்தால் சிற்றருவிக்குக் கூட்டிப்போங்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் போலீஸ்காரரோடு வாதாட வேண்டாம், குற்றாலநாதர் கோயிலிலும் சித்திரசபையிலும் ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம்.

ஒன்றே ஒன்று, ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போகும் வழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அந்த நாளைத் தொடக்கூடாது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, எட்டு மணி வாக்கில் கூப்பிடுங்கள். எந்த வாரம் அவருக்குத் தோது என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் காலண்டரைத் திறங்கள்.