மட்டக்களப்பில் வீட்டுச் சாமான்களை விற்றுத் தொண்டுக்குக் கொடுக்க வழி உண்டா?

லண்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மா அப்பா இருந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறீர்கள், உள்ளே இருக்கும் சாமான்களை அங்கே உள்ள 'சரிட்டி ஷொப்' (சனம் கொடுக்கும் பழைய சாமானை விற்றுத் தொண்டுக்குக் காசு சேர்க்கும் கடை) மாதிரி ஒன்றுக்குக் கொடுக்க விருப்பம். சரி.

அப்படி ஒரு கடையை இங்கே வருஷம் முழுக்க நடத்துவது கஷ்டம். இங்கிலாந்தில் அந்தக் கடைகளுக்குக் கட்டட வரியில் 80 சதவீதம் கழிவு, நிற்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம் பக்கம் கடை வாடகையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சாமானும் வராது. ஒரு மேசை வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் சின்னம்மாவின் மகள், மாமியின் மருமகன், பக்கத்து வீட்டார் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமே!

உங்களுக்கோ ஒரு வீடே காலியாகிறது. அதற்கு ஒருநாள் விற்பனை போதும். களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் மாதர் சங்கம் பொதுமண்டபத்தில் இப்படிச் செய்கிறது.

"ஏன் விற்க வேண்டும், சும்மா கொடுக்கலாமே" என்பார்கள். சுனாமிக்குப் பிறகு வந்திறங்கிய உடுப்பு மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் அனுப்பியவை. ஒக்ஸ்பாம் என்ற இங்கிலாந்துத் தொண்டு நிறுவனம் 1940களின் கடைசியில் ஒக்ஸ்போர்டில் கடை திறந்ததே, கிரேக்கத்துக்கு உதவி கேட்டபோது குவிந்து மிஞ்சிய சாமான்களைக் காசாக்கத்தான். எங்கள் விற்பனையில் ஒரு ஆச்சி ரைஸ் குக்கரின் உள்சட்டியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு "பூச்சு போயிட்டுது, பாதி விலைக்குத் தா மகள்" என்றார். சும்மா கொடுத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

மாசி, பங்குனியில் வையுங்கள். மழையும் விட்டிருக்கும், பெரும்போக வேளாண்மை வெட்டிய காசும் கையில் புழங்கும். சைக்கிள், படிக்கிற மேசை, எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் காலையிலேயே போய்விடும். ஃபேன், குக்கரை அங்கேயே பிளக்கில் போட்டுக் காட்ட வேண்டும். கனடா உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் சாமான் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைதான் வரும். மெத்தை, தலையணை வேண்டவே வேண்டாம். செத்தவர் படுத்தது என்று யாரும் தொட மாட்டார்கள்.

காசு எதற்கு என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்: முதியோர் இல்லத்துக்கு மருந்து, மாலை வகுப்பு ஆசிரியருக்குச் சம்பளம், இப்படி ஏதாவது ஒன்று. வெறுமனே 'ஏழைகளுக்கு' என்றால் எங்கள் ஊர் நம்பாது. கணக்கையும் அதே இடத்தில் ஒட்டிவிட வேண்டும்.

மிஞ்சியதை அன்று பின்னேரமே ஒரு பட்டா வாகனம் (சின்ன லொறி) பிடித்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். மண்டபத்தில் விட்டுவைத்தால் அடுத்த கலியாண வீட்டுக்காரர் லண்டனுக்குத்தான் போன் எடுப்பார்.