சட்டம் படிக்காமல் நீதியைப் படிக்க முடியுமா?

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்த என் மகள், அரசியல் அறிவியல் எடுத்து அதில் நீதிக் கொள்கை படிக்கப் போகிறாளாம். "நேரா சட்டமே படியேன்" என்றால், "அது வேற, இது வேற" என்கிறாள். அப்படி என்ன வேறுபாடு?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. பினாங்கு ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போதைப்பொருள் வழக்குகளில் நீதிபதி தூக்கு என்று தீர்ப்பளித்ததை, கூண்டில் நின்ற நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தண்டனையைக் குறைக்க அப்போது நீதிபதிக்கே வழியில்லை. 1983-இல் சட்டத்தைத் திருத்தி, கடத்தலுக்குத் தூக்கு ஒன்றே என்று ஆக்கிவிட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டப்பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர் பார்ப்பார். அதை யார், எதற்காகக் கொண்டுவந்தார்கள், கடத்தல் அதனால் குறைந்ததா, மாட்டியது முதலாளியா, பொட்டலம் சுமந்த கூலிக்காரனா என்று தேடிப் பார்ப்பது உங்கள் மகள் படிக்கப்போகும் படிப்பு.

அந்தச் சட்டம் மாறியதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில், மரண தண்டனையை அடியோடு ஒழிப்போம் என்றது மலேசிய அரசாங்கம். கொலையுண்டவர்களின் குடும்பங்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 'கட்டாயம்' என்பதை மட்டும் எடுக்கிறோம் என்று இறங்கிவந்தது. முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமையில் குழு அமைத்தார்கள். 2022-இல் மசோதா வந்தது. நாடாளுமன்றம் கலைந்ததும் அதுவும் போனது. கடைசியில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, ஜூலை 4-இல் நடப்புக்கு வந்தது. அதற்குள் நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம்! இப்போது கொலைக்குத் தூக்கு அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை. போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு அல்லது ஆயுள் சிறை. எது என்று நீதிபதி முடிவு செய்வார். ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கவும் வழி பிறந்தது. எத்தனை உயிர்கள்! ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதை நம் பிள்ளைகளில் யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டாமா?

மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மிலேயே அரசியல் அறிவியல் இருக்கிறது. மலாய் மொழியில் உள்ள நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட்டை இப்போதே வாசித்துப் பழகட்டும். புள்ளியியலைக் கண்டு பயப்படக் கூடாது. அப்புறம், ஒரு காலைப்பொழுது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்காரச் சொல்லுங்கள். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட ஆளில்லாமல் உள்ளே போகிறவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும்: பின்னாளில் வழக்காட ஆசை வந்தால் இந்தப் பட்டம் போதாது. சட்டப் பட்டம் தனியாக எடுக்க வேண்டும். அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.