மீன் தின்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மூன்றடி நீளமுள்ள எங்கள் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் ஓராண்டாக நலமாக வளர்கின்றன. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைக்காரர் ராஸ் (wrasse) என்ற கடல்மீன் குடும்பத்தைச் சேர்ந்த கிளீனர் ராஸ் ஒன்றைக் கொடுத்தார். 'எதைப் போட்டாலும் தின்னும்' என்று வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். பதினோராம் நாள் அது செத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்து எந்த ராஸ் வாங்கலாம்?

பதில்: அந்த மீன் பட்டினியில்தான் செத்திருக்க வேண்டும். கடலில் கிளீனர் ராஸ் பவளப்பாறையின் ஒரு முனையில் தங்கி, வரிசையாக வந்து நிற்கும் மீன்களின் மேலிருந்து ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டே மீன்கள். அது எதைத் தின்று பிழைக்கும்? வெள்ளைப்புள்ளி நோயை இது தீர்க்கும் என்று சொல்லி விற்பதும் சரியல்ல. அந்த நோய்க்கிருமி மீனின் தோலுக்குள் புதைந்து இருப்பது, கொத்தி எடுக்க முடியாது. இந்த மீனை வாங்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன், உங்களிடமும் சொல்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, 'தின்னும்' என்று எழுதிய அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். உயிருள்ள மீன் பதினொரு நாள் கழித்துச் சாவதற்குக் கடைக்காரர் நூறு காரணம் சொல்வார். ஆனால் பொருளின் தன்மையைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதும், கேட்ட பிறகும் ரசீது தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த மீனுக்கு வருவோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். இந்த அளவுக்கு மஞ்சள் ராஸ் பொருந்தும். 12 செ.மீ. அளவோடு நின்றுவிடும், கோமாளி மீனோடு சண்டைக்குப் போகாது, பாறை இடுக்கிலுள்ள சிறு புழுக்களைத் தேடித் தேடித் தின்னும். தொட்டியில் சிறிய அலங்கார இறால்கள் இருந்தால் மட்டும் வாங்குமுன் யோசியுங்கள், அவற்றையும் தின்றுவிடலாம். ஆறுகோட்டு ராஸ் அழகுதான். ஆனால் தனக்குப் பிறகு தொட்டிக்கு வரும் எந்த மீனையும் துரத்தும் என்பதால் அதைக் கடைசி மீனாகத்தான் விட வேண்டும். சிவப்பு உடலில் வெள்ளைத் திட்டுகளோடு விரல் நீளத்தில் விற்கும் கோரிஸ் என்ற ராஸ் வகையின் குஞ்சு ஏறத்தாழ 40 செ.மீ. வரை வளரும். அதை அழைத்துவந்து என்ன செய்வீர்கள்?

சிவாஜிநகரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், உங்கள் கண்முன் மீன் தின்ன வேண்டும். கடையில் உறைந்த மைசிஸ் இறாலை (மீன் தீனியாக விற்கும் பொடி இறால்) போடச் சொல்லுங்கள், இணையத்தில் என்றால் அன்றைய தேதியில் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒடுங்கியிருந்தால் வேண்டாம். வாயையும் கிட்டே போய்ப் பாருங்கள். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகைகளை மணல் இல்லாத கண்ணாடித் தொட்டியில் வைத்தால், இரவில் புதைய முயன்று அடிக்கண்ணாடியில் தாடையை மோதிக்கொள்ளும். கீழுதட்டில் வெளிறிய புண்ணோடு கடைகளில் எத்தனையோ மீன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மீன்கள் சரியாகத் தின்பதில்லை.

கேள்வி: சனிக்கிழமை வாங்கிய மஞ்சள் ராஸ் ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது. இன்று ஐந்தாம் நாள். பாறைகளை எடுத்துத் தேடலாமா?

பதில்: தேடாதீர்கள். மணலுக்குள் இருக்கிறது. பயந்தாலும், தொலைவிலிருந்து வந்து பகல் இரவு குழம்பினாலும், இப்படிச் சில நாள் புதைந்தே கிடக்கும். என் தொட்டியில் முதல் மஞ்சள் ராஸ் ஆறாம் நாள் காலையில் வெளியே வந்தது. முதலில் மணலில் ஒரு சிறு மேடு, பிறகு மூக்கு நுனி, பிறகு ஒரு கண் மட்டும் இப்படியும் அப்படியும் சுழன்று அறையை நோட்டமிட்டது. கால் மணி நேரம் கழித்துத்தான் உடம்பு வந்தது. நீங்கள் கிளறினால் இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விளக்கை ஒரே நேரத்தில் போட்டு அணையுங்கள், தினமும் கொஞ்சம் தீனி போட்டு வையுங்கள். மணல் நைசாகவும் குறைந்தது 5 செ.மீ. ஆழமாகவும் இருக்கட்டும், பவளச் சில்லு போட்ட தொட்டியில் புதையும்போது உடம்பு கிழியும்.

கேள்வி: தொட்டிக்கு மூடி கட்டாயமா? கண்ணாடி மூடி போட்டால் தண்ணீர் சூடாகிறது.

பதில்: கட்டாயம். ராஸ் குதிக்கும் மீன். விளக்கு சட்டென்று அணையும்போது, மின்சாரம் போகும்போது, ஒன்றை ஒன்று துரத்தும்போது குதிக்கும். கண்ணாடிக்குப் பதிலாக 6 மி.மீ. கண்ணுள்ள தெளிவான வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள், காற்றும் வெளிச்சமும் போகும். பம்புக் குழாய் நுழையும் மூலையை மறந்துவிட வேண்டாம். இரண்டு விரல் அகல இடைவெளி வழியாக வெளியே விழுந்த மீனை நான் காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்த நிலையில் எடுத்திருக்கிறேன். வலையை மீன் வருவதற்கு முந்தைய நாளே கட்டிவிடுங்கள்.